ஊத்துப்பொட்டல் விலக்கில் நிற்காது

நீங்க ஜன்னல் ஓரமா உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு இந்தப் பக்கம் போதும். மதுரைக்குத்தானே? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணை ஆச்சு. இது பாயிண்ட் டு பாயிண்ட்டு. கோயில்பட்டியில எடுத்தா மதுரையிலதான் பிரேக்க மிதிப்பான். நடுவுல எவன் கையைக் காட்டுனாலும் நிக்காது. அதுக்காகவே வந்த வண்டியை எல்லாம் விட்டுட்டு இதுல ஏறுனேன்.

சட்டைக் கஞ்சியப் பாத்துட்டுக் கல்யாண வீட்டுக்குப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல. பாராட்டு விழா. வேற யாருக்கும் இல்ல, எனக்குத்தான். என்னைய டிவியில பாத்திருக்கீங்களா? கொஞ்சம் நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டிருந்தேன் அதுல. குருநாதன். ஆசிரியர் சங்க வட்டாரச் செயலாளர். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியரும்தான், ஆனா அதுக்காக இதுவரைக்கும் யாரும் என்னைப் பாராட்டுனது கிடையாது.

வாத்தியாருக்கு மார்க்குப் போடுற திட்டம்னு பேப்பர்ல வந்துச்சே, அதை ரெண்டு வருஷத்துக்குத் தள்ளி வச்சுட்டாங்கல்ல, அது யாரால? மந்திரியாலயா? எதிர்க்கட்சியாலயா? உங்க பக்கத்துல உக்காந்திருக்கானே, இவனால. பெருமைக்குச் சொல்லலை அண்ணாச்சி. உண்மையச் சொல்றேன்.

இருங்க, போன் அடிக்குது. ஆங், சொல்லும்மா. கிளம்பிருச்சு, வேன் கிளம்பிருச்சு. நீ பிள்ளைகளை நிழல்ல உக்கார வை. வெயில்ல வாடிப் போயி, அங்க வந்து வாயத் திறக்காம நின்னுறப் போகுதுக. சரிம்மா. சரி சரி.

சுடர்க்கொடின்னு ஒரு டீச்சர் பிள்ளை. ஊத்துப்பொட்டல் பள்ளிக்கூடத்துல இருக்கு. இதே ரோட்டுலதான், சாத்தூர் தாண்டி அந்த ஊருக்குப் பிரியுற விலக்கு ஒண்ணு வரும். இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு முக்கியமான நாளு. அதையும் சொல்றேன். முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு என் அருமை தெரியும்.

திட்டம் என்னன்னா, வெளியில இருந்து ஒரு ஆள் வருவான். வகுப்புல உக்காருவான். பிள்ளைகளை ஒவ்வொண்ணா எந்திரிச்சு வாசிக்கச் சொல்லுவான். பிள்ளை வாசிச்சதை வச்சு வாத்தியாருக்குக் கிரேடு. ஏ, பி, சி, டி. டி வாங்குனா சம்பள உயர்வு கிடையாது. புதுசா வேலைக்கு வந்ததுகளுக்கு வேலை நிரந்தரம் ஆகாது. எப்படி இருக்கு கூத்து? ஆடு புல்லு திங்கலைன்னா மேய்க்கிறவனுக்குப் பிரம்படி. நாங்க விடுவோமா? கூடாதுன்னுட்டோம்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தத் திட்டத்தை எழுதுனதே இப்ப எதிர்க்கட்சியா இருக்கிறவங்கதான். அவங்க ஆட்சியில இருந்தப்ப எழுதுனாங்க. அப்ப இப்போதைய மந்திரி எங்க பந்தலுக்கு வந்து, ஆசிரியர் கண்ணீர் அரியணையை அசைக்கும்னு பேசுனார். இப்ப அவர் மந்திரியாகி, அதையே ஜூன்ல இருந்து கொண்டு வர்றேன்றார். எழுதுனவங்க எங்க பந்தலுக்கு வந்து கண்ணீர்னு பேசுறாங்க. பேச்சு அதே பேச்சு அண்ணாச்சி, நாற்காலிதான் மாறியிருக்கு. நான் ரெண்டு பேச்சுக்கும் மேடையில உக்காந்து கை தட்டியிருக்கேன்.

ஜூனுக்கு முந்தி ஒத்திகை பாக்கணும்னு எங்க வட்டாரத்துல சில பள்ளிக்கூடத்தைப் பிடிச்சாங்க. என் பள்ளிக்கூடமும் ஒண்ணு. எனக்கு என்ன கிரேடுன்னு கேளுங்க. ஏ. வட்டாரத்துலயே முதல்ல வந்தேன். முதல்ல வந்தவனே எதிர்த்து நிக்கிறான்னா அவனுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு நீங்களே சொல்லணும்.

எப்படி ஏ வந்துச்சுன்றீங்களா? அதுல ஒண்ணும் வித்தை இல்ல. எங்கப்பா காலத்துல இருந்து நடக்கிறதுதான். ஆய்வுக்கு ஆள் வர்ற அன்னைக்கு, படிப்பு ஏறாததுகளுக்கு லீவு. முதல் நாள் சாயங்காலமே சொல்லிருவோம், நாளைக்கு உனக்குக் காய்ச்சல்டா, வராதேன்னு. அதுகளுக்கும் சந்தோஷம். ஆத்தா அப்பனுக்கும் ஒரு நாள் கூடுதலா வேலைக்கு ஆள். வந்து உக்காந்திருக்கிறது எல்லாம் பொறுக்கி எடுத்த மணி மாதிரி இருக்கும். அதிகாரிக்கும் தெரியும். அவரும் வாத்தியாரா இருந்து வந்தவர்தானே. வெயிலு, சீதோஷ்ணம், பிள்ளைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வருது போலன்னு சிரிச்சுட்டே எழுதிட்டுப் போவார்.

இந்தச் சுடர்க்கொடி பிள்ளை என்ன செஞ்சுச்சு தெரியுமா? சொன்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க. ஆய்வுன்னு சொன்னதும் காலங்காத்தால எந்திரிச்சு ஊருக்குள்ள போயிருக்கு. வீடு வீடா. படிப்பை விட்டுட்டு ஆடு மேய்க்கப் போனது, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனது, தம்பியத் தூக்கிக்கிட்டு வீட்டோட இருந்தது, எல்லாத்தையும் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து, முகத்தைக் கழுவி விட்டு முன் வரிசையில உக்கார வச்சிருக்கு. ஏம்மா இப்படிச் செஞ்சேன்னு கேட்டேன். பேர் பதிவேட்டுல இருக்கே சார், அன்னைக்காவது வரட்டுமேன்னு நினைச்சேன்னுச்சு. ஆய்வுன்னா எல்லாரும் வரணும்னு நினைச்சிருக்கு. வேலைக்கு வந்து வருஷம் திரும்பலை, பாவம், யாரும் சொல்லிக் குடுக்கலை.

காளீஸ்வரின்னு ஒரு புள்ள. அஞ்சாம் வகுப்புன்னு பேர், ஆனா ரெண்டு வருஷமா ஆட்டுக்குப் பின்னால திரிஞ்சது. அதை முதல்ல எழுப்பியிருக்கான் வந்தவன். புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. நின்னிருக்கு, நின்னிருக்கு, சத்தமே வரலையாம். அப்புறம் அடுத்தது, அதுவும் அப்படித்தான். கிரேடு என்னன்னு நான் வேற சொல்லணுமா? டி. வட்டாரத்துலயே ஒத்தை டி.

நான் விஷயம் கேள்விப்பட்டு, நம்ம பொருளாளர் சவரிமுத்துவையும் கூட்டிக்கிட்டு ஓடுனேன். ஆறுதல் சொல்லணும்ல? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துப் படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு. சும்மா அழுகை இல்ல அண்ணாச்சி. மூக்கு ஒழுக, சேலைத் தலைப்பால துடைச்சுத் துடைச்சு. பாத்த உடனே எனக்கு உள்ளுக்குள்ள பொறி தட்டிருச்சு. சவரிமுத்துவைத் திரும்பிப் பாத்தேன். அவன் ஏற்கெனவே செல்போனைத் தூக்கிட்டான். பத்து வருஷப் பழக்கம், கண்ணைப் பாத்தாலே புரிஞ்சுக்குவான்.

எதுக்கும்மா அழுகுறேன்னு கேட்டேன். கேமராவுக்காகக் கேட்டதுதான். அது என்ன சொல்லுச்சுன்னா, கிரேடு போனா போகுது சார், காளீஸ்வரி அப்பா, உனக்குப் படிப்பு வராதுன்னு சர்க்காரே எழுதிருச்சுன்னு சொல்லி அவளை மறுபடி ஆட்டோட பத்திவிட்டுட்டாரு, இன்னும் ரெண்டு மாசம் என்கிட்ட விட்டா வாசிக்க வச்சிருவேன், நான்தான் கூட்டியாந்து கெடுத்துட்டேன்னு. இப்படியே புலம்பல். இதை வச்சு நான் என்ன செய்ய? ஆட்டுக்காரப் புள்ளைக்காக டீச்சர் அழுகுறான்னா சட்டசபையில எவன் எந்திரிப்பான்? சத்தத்தை எடுத்துட்டோம். பின்னால ஒரு சோக மியூசிக். மேல ஒரு வரி: மதிப்பீட்டுக் கொடுமை, கதறும் ஆசிரியை.

போச்சு பாருங்க! அன்னைக்குச் சாயங்காலமே என் போனுக்கே ஊர் ஊரா சுத்தித் திரும்பி வந்துச்சு. துபாய்ல இருக்கிற என் மச்சினன் அனுப்புறான், மாமா இதைப் பாத்தீங்களான்னு.

மறுபடி அடிக்குது. ஒரு நிமிஷம். என்னம்மா? என்னது? கொடி கட்டுன வேனா? நிக்காமப் போயிருச்சா? அது வேற வட்டாரத்து வேன்மா. எல்லா வட்டாரமும் அதே கொடிதானே கட்டும். நம்மது பின்னால வருது. டயர்ல காத்து இறங்கிருச்சாம், அடைச்சுக்கிட்டு இருக்கான். மேடம் அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ்லதான் இருப்பாங்க, பதறாதே. பிள்ளைகளுக்குத் தண்ணி குடு.

நம்ம வேன்தான் அண்ணாச்சி. உள்ள நம்ம ஆளுங்க, மேல மைக் செட்டு, விழாவுக்கு முன்னால போறாங்க. சொல்லிவிட்டிருந்தேன், அந்த விலக்குல வேகத்தைக் குறைக்காதேன்னு.

எங்க விட்டேன்? ஆங், சட்டசபை. எதிர்க்கட்சித் தலைவர் அந்த வீடியோவுல இருந்து போட்டோ எடுத்து, பெரிசாக்கி, ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டுறார். இந்தச் சகோதரியின் கண்ணீருக்கு என்ன பதில்னு கேக்குறார். மந்திரி எந்திரிச்சு, இது நீங்கள் பெத்த பிள்ளைதானேன்னு திட்டத்தைச் சொல்றார். பெத்தது நாங்கள், கொல்வது நீங்கள்னு அவர் சொல்றார். ஒரே அமளி. இங்க டிவியில விவாதம். நானும் அந்தப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம். நீ எதுவும் பேச வேண்டாம்மா, தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாப் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். நடத்துறவர் கேட்டுட்டார், நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்னு. இது நிமிர்ந்து, காளீஸ்வரி திரும்ப வந்துட்டா சார், இப்ப வாசிக்கிறான்னு ஆரம்பிக்குது. நான் சட்டுனு உள்ள புகுந்து, பாருங்கள், அதிர்ச்சியில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாத நிலைக்கு ஆளாகியிருக்கிறார்னு சொல்லிட்டேன். நல்ல வேளை, விளம்பரம் வந்துருச்சு.

கடைசியில ரெண்டு வருஷம் தள்ளி வைப்புன்னு உத்தரவு வந்துச்சு. ஆளுங்கட்சிக்காரன் எங்களால வந்துச்சுன்னு லட்டு குடுத்தான். எதிர்க்கட்சிக்காரனும் எங்களாலன்னு லட்டு குடுத்தான். ரெண்டையும் வாங்கிக்கிட்டேன். எனக்குத் தெரியாதா யாராலன்னு?

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கு. ஊருக்குள்ள டி கிரேடு டீச்சர்னு கூப்பிடுறாங்க. வசதி இருக்கிறவங்க கொஞ்சப் பேர் பிள்ளைகளை எடுத்து பிரைவேட் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன்ல ஏத்திவிட்டுட்டாங்க. அருப்புக்கோட்டையில ஒரு இடம் பேசி முடிச்சிருந்தாங்க போல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வீடியோவைப் பாத்துட்டு, ஊரறிய அழுத பிள்ளை நமக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க. போகுது விடுங்க. நானே நம்ம சங்கத்துல ஒரு மாப்பிள்ளை பாத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். முதல் தாரம் தவறிட்டா, மத்தபடி தங்கமான ஆள்.

ஒரு நாள் என் வீட்டுக்கே வந்துச்சு. உக்காரச் சொன்னா உக்காரலை. திட்டம்தான் தள்ளிப் போயிருச்சே சார், என் கிரேடை எடுத்துருவாங்களான்னு கேட்டுச்சு. அப்பதான் நானும் உத்தரவை ஒழுங்கா வாசிச்சேன். திட்டம்தான் தள்ளி வைப்பு. ஒத்திகையில போட்ட கிரேடு போட்டதுதான். மறு ஆய்வும் அந்தத் திட்டத்துல ஒரு பகுதிங்கிறதால, அதுவும் ரெண்டு வருஷம் தள்ளி வைப்பு. அதாவது இனிமே யாருக்கும் டி போட மாட்டாங்க. ஏற்கெனவே போட்ட ஒண்ணு மட்டும் அப்படியே நிக்கும். மாநிலத்துக்கே விடுதலை வாங்கிக் குடுத்துட்டு அது மட்டும் உள்ள நிக்குது. தியாகம்னா அதுதானே அண்ணாச்சி? நான் அதைச் சொன்னேன் அதுகிட்ட. உன் பேர் சங்க வரலாத்துல இருக்கும்மான்னேன். அது, எனக்கு வேலை நிரந்தரம் ஆகாதே சார்னுச்சு. வரலாறு பேசுற இடத்துல வேலையப் பேசுது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இயக்க உணர்வே கிடையாது.

சும்மா இருந்ததா? என்னைக் கேக்காம நேரா பி.இ.ஓ. மேடத்தைப் போய்ப் பாத்திருக்கு. வட்டாரக் கல்வி அலுவலர்னு போர்டு போட்டிருப்பாங்களே, அவங்கதான். நல்ல மனுஷி, அதுதான் அவங்ககிட்ட இருக்கிற கோளாறு. உத்தரவு அமலுக்கு வர்றதுக்கு முந்துன நாள் சாயங்காலம் வரைக்கும் எனக்கு அதிகாரம் இருக்கு, அந்த அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை என் முன்னால கொண்டாந்து வாசிக்க வை, நானே கிரேடை மாத்தி எழுதுறேன்னு சொல்லிட்டாங்க. அந்தக் கடைசி நாள் இன்னைக்குத்தான். நாளைக்கு அவங்க நினைச்சாலும் முடியாது.

அந்த ஊருக்குக் காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அத்தனை பிள்ளைகளை எதுல கூட்டிட்டுப் போறது? அப்பதான் என் ஞாபகம் வந்திருக்கு. சார், சங்க வேனைத் தர முடியுமான்னு கேட்டுச்சு. உனக்கு இல்லாததாம்மா, பிள்ளைகளை விலக்குல கொண்டாந்து நிறுத்து, நானே வந்து ஏத்திக்கிறேன்னுட்டேன். அழுதுக்கிட்டே போச்சு. இந்த அழுகையப் படம் எடுக்க ஆள் இல்லை அன்னைக்கு.

என்ன அப்படிப் பாக்குறீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு அந்தப் பிள்ளைக வாசிச்சுருச்சுகன்னு வைங்க. மேடம் டிய எடுத்துட்டு பி போடுவாங்க. ஏ கூடப் போடுவாங்க. நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும்? டி வாங்குன டீச்சர், ஆடு மேய்ச்ச பிள்ளைகளை வாசிக்க வச்சு ஏ வாங்குனாங்கன்னு வரும். அப்ப திட்டம் நல்ல திட்டம்னு ஆயிரும்ல? மந்திரி அதே போட்டோவைத் தூக்கிக் காட்டுவார். மேடையில எனக்குச் சால்வை போடுற நேரத்துல இந்தச் செய்தி வந்தா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது? மாநிலம் பூரா இருக்கிற ஆசிரியர் நலன் பெரிசா, ஒரு பிள்ளை வேலை பெரிசா? நீங்களே சொல்லுங்க.

ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. பரவாயில்ல. சங்கத்துல இல்லாதவங்களுக்கு இது சட்டுனு பிடிபடாது.

நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. போன வாரம் கூட அந்தப் பள்ளிக்கூடம் வழியாப் போனப்ப வண்டிய நிறுத்துனேன். வாசிக்குதுகளான்னு பாப்போமேன்னு. அந்தக் காளீஸ்வரி, பாடப் புத்தகத்தை மட்டும் இல்ல, நான் கொண்டு போன பேப்பரை வாங்கி வாசிக்குது. என் பேரு போட்ட செய்தி. ஆசிரியர் சமுதாயத்தின் விடிவெள்ளி குருநாதன்னு, ஒரு எழுத்து தடுமாறாம. காது குளிர்ந்துபோச்சு. எங்க பள்ளிக்கூடத்துல நாங்க காய்ச்சல்னு வீட்டுல நிறுத்துறோமே, அதுகள்ல ஒண்ணு கூட இப்படி வாசிக்காது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது அந்த மேடம் காதுல விழவே கூடாதுன்னு.

சாத்தூர் தாண்டிருச்சா? அந்தப் பாலம் போயிருச்சா? அப்ப பக்கத்துலதான்.

அண்ணாச்சி, அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. வெயில் அடிக்குது. என்னது, உங்க பக்கம் நிழலா? சரி, தூசி வருது. இறக்குங்க சொல்றேன். முழுசா இறக்குங்க. இருங்க, கை மாட்டிக்கிருச்சா? இப்படி அமுக்கணும், நான் இறக்குறேன். நான் கொஞ்சம் குனிஞ்சுக்கிறேன், செருப்பு வாரு கழண்டுருச்சு.

போயிருச்சா? விலக்குப் போயிருச்சா?

இடுக்கு வழியாப் பாத்தீங்களா? சரி, பாத்துட்டீங்க, சொல்லுங்க. நிக்குதுகளா? வேப்பமரத்தடியிலயா? எல்லாம் யூனிபார்மா? தலையெல்லாம் வாரி விட்டிருக்கும், அது அப்படித்தான். கையைக் காட்டுச்சுகளா? எதைப் பாத்தாலும் காட்டும், நம்ம வண்டியத் தெரிஞ்சு காட்டலை. டீச்சர்? ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்குதா? அழுகலையே? புத்தகத்தை வச்சுக்கிட்டுச் சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்துச்சுகளா, பஸ்சுக்குள்ளயே கேட்டுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. இந்த இன்ஜின் இரைச்சல்ல உங்களுக்குப் பிரமையா இருக்கும்.

போன்தான். அடிக்கட்டும். எடுத்தாப் பொய் சொல்லணும், நான் தேவையில்லாமப் பொய் சொல்ற ஆள் இல்ல. அஞ்சு மணிக்கு அதுவே நின்னுரும்.

நாளைக்கு நேரா அங்கதான் போறேன். எனக்குப் போட்ட சால்வையிலயே ஒண்ணை அதுக்குப் போடணும். சவரிமுத்துவையும் வரச் சொல்லியிருக்கேன். புது போன் வாங்கியிருக்கான், படம் தெளிவா விழும். ஏன்னா அண்ணாச்சி, இந்தத் திட்டம் ஒழிஞ்சு போகலை, தள்ளி வச்சது ரெண்டு வருஷந்தான். ஆட்சி மாறும், நாற்காலி மாறும், மறுபடி கொண்டு வருவான். அன்னைக்கு நமக்கு ஒரு டி கிரேடு டீச்சர் வேணும்ல? அதுவரைக்கும் அந்தப் பிள்ளையப் பத்திரமா அப்படியே வச்சிருக்கணும்.

ம், இப்ப ஷட்டரைத் தூக்கி விடுங்க. காத்து வரட்டும்.